மெட்டில்லாத பேஸ் கிதார்

வீணையின் தண்டியைக் கூர்ந்து நோக்கியவர்கள் அதன்மேல் கரிய மெழுகில் பதிக்கப்பட்டிருக்கும் இருபத்துநான்கு மெட்டுக்களைக் கண்டிருப்பார்கள். ஒவ்வொரு மெட்டும் ஒரு சுரத்தானத்திற்குக் காவல் நிற்கிறது. விரல் சற்று முன்பின் விழுந்தாலும் சுரம் தன் இடத்திலேயே பிறக்கும். வயலினுக்கு இந்தக் காவல் கிடையாது, கோட்டுவாத்தியத்திற்கும் கிடையாது. அவற்றில் சுரம் பிழையாமல் பிறப்பது முழுவதும் வாசிப்பவனின் செவியையும் கையையும் பொறுத்தது. மேல்நாட்டுக் கிதார்க் குடும்பத்திலும் இவ்வாறு மெட்டுக்களைத் துறந்த ஒரு கருவி உண்டு. அது பேஸ் கிதாரின் ஒரு வகை. கடைக்காரர்கள் அதனை ‘ஃபிரெட்லெஸ் பேஸ்’ என்பர்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்பெயர் சிறிது வேடிக்கையாகத் தோன்றுவதுண்டு. ஆங்கிலத்தில் ‘ஃபிரெட்’ என்னும் சொல் கவலைப்படுதலையும் குறிக்கும். ஆகவே அகராதியை மட்டும் நம்பி மொழிபெயர்ப்பவர் ‘கவலையற்ற கிதார்’ என்று எழுதிவிடக் கூடும். நம் மொழியிலோ மெட்டு என்பது பாட்டின் வருணமெட்டையும் குறிக்கும். ‘மெட்டில்லாத கிதார்’ என்றால் பாட்டே இல்லாத கிதார் எனக் கொள்வாரும் இருக்கலாம். இரண்டும் பொருந்தா. இக்கருவியில் பாட்டு மிகுதியாகவே உண்டு. கவலையும், அதனை வாங்கிய நாளிலிருந்து, மிகுதியாகவே உண்டு.

இப்பொருளைப் பற்றி இங்கே பேசப் புகுவதற்குக் காரணம் சொல்ல வேண்டும். மும்பையில் வடாலா, மாதுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. இங்கே இசை என்றால் முதலில் நினைவுக்கு வருவது 1952-ல் நிறுவப்பெற்ற ஷண்முகானந்த சபையும் அதன் பேரரங்கும், செம்பூரின் ஃபைன் ஆர்ட்ஸ் சங்கமுமே. எனினும் இளைஞர் பலருக்கு இசை கற்கும் இடம் சபை மட்டுமன்று. ஞாயிறு காலையில் தமிழ்த் திருச்சபையின் பாடற்குழு. முகூர்த்த நாள்களில் வரவேற்பு மேடையின் மெல்லிசைக் குழு. விநாயக சதுர்த்தியை ஒட்டி மராத்தியும் இந்தியும் கலந்த மேடை. எப்போதேனும் பரதநாட்டியத்திற்கோ வயலின் கச்சேரிக்கோ புதுமையாகச் சேர்க்கப்படும் பக்க இசை. ஒரே இளைஞன் ஒரே மாதத்தில் இவை நான்கிலும் வாசிக்க நேர்வது இப்பகுதிகளில் அரிதன்று. தில்லியிலோ கொல்கத்தாவிலோ பெங்களூரிலோ வாழும் தமிழ் நேயர்களும் தத்தம் பகுதிகளில் இத்தகைய இளைஞரைக் கண்டிருப்பீர்கள்.

நம் குடியிருப்பிலும் அத்தகைய ஓர் இளைஞர் உண்டு. இரண்டாண்டுகளாக ஒரு நண்பருடைய பேஸ் கிதாரை இரவல் வாங்கி வாசித்து வந்தவர். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க எண்ணினார். அவர் மனம் மெட்டில்லாத கருவியின் மேல் சென்றது. அவருடைய தந்தையார் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். சேமிப்பிலிருந்து ஒரு பகுதியை ஒதுக்கியிருந்தார். அவர் நம்மிடம் வந்து கேட்ட கேள்வி நேரானது. “ஐயா, மெட்டுக்களை எடுத்துவிட்ட பிறகும் விலை குறையவில்லையே, இது என்ன கணக்கு? இதை வாங்கினால் பையனுக்குக் கலியாண மேடையில் வேலை கிடைக்குமா, கிடைக்காதா?” ஒரு முறைதான் வாங்க முடியும் என்ற நிலையில் உள்ள குடும்பத்திற்கு இது சிறிய கேள்வி அன்று. அதற்கு விடை காண முயல்வதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் கருவியின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். பெரிய வயலின் போன்ற உருவத்தில் ஆள் உயரம் நிற்கும் டபிள் பேஸ் என்னும் கருவிக்கு மெட்டுக்கள் இல்லை. நெடுங்காலம் மேல்நாட்டு இசையில் கீழ்ச்சுரங்களைத் தாங்கி நின்றது அதுவே. 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபென்டர் என்பவர் கிதாரைப் போலக் கழுத்தில் மாட்டி வாசிக்கக் கூடிய மின்சாரப் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். அதற்கு அவர் மெட்டுக்களைப் பதித்தார். துல்லியம் எனப் பொருள்படும் ‘பிரிசிஷன்’ என்று பெயரும் இட்டார். மெட்டு இருந்தால் சுரம் தவறாது என்பதே அப்பெயரின் விளம்பரம். ஆக, மெட்டில்லாத கருவியின் தொல்லையிலிருந்து மக்களை விடுவிக்கவே பேஸ் கிதார் பிறந்தது எனலாம். பத்தே ஆண்டுகளில் ஒருவர் அந்தத் தொல்லையைத் தாமாகவே திரும்பத் தேடிக்கொண்டார். பிற்காலத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் சேர்ந்த பில் வைமன் 1961-ல் மலிவான ஒரு பேஸ் கிதாரின் மெட்டுக்களைப் பிடுங்கினார்; புதியன பதிக்கும் எண்ணத்துடன் தொடங்கியவர், மெட்டில்லாத ஒலி பிடித்துப் போகவே அவ்வாறே விட்டுவிட்டார். 1966-ல் ஆம்பெக் நிறுவனம் மெட்டில்லாத பேஸைத் தொழிற்சாலையிலேயே செய்து விற்றது. ஃபென்டர் நிறுவனமும் 1970-ல் அவ்வழியைப் பின்பற்றியது.

ஆயினும் இக்கருவிக்குத் தனிப் பெருமை தேடித் தந்தவர் ஜாக்கோ பஸ்டோரியஸ். 1962-ல் செய்யப்பட்ட ஒரு ‘ஜாஸ் பேஸ்’ கருவியின் மெட்டுக்களைக் களைந்து, படகுகளுக்குப் பூசும் எபாக்சிப் பூச்சை விரற்பலகைமேல் பூசி, 1976-ல் அவர் வெளியிட்ட முதல் இசைத்தட்டு பேஸ் வாசிப்போர் பலரையும் திகைக்க வைத்தது. பின்னணியில் முழங்க வேண்டிய கருவி முன்னே வந்து பாடியது. அதே 1976-ல்தான் தமிழகத்தில் ‘அன்னக்கிளி’ வெளிவந்து இளையராஜாவின் பெயர் பரவத் தொடங்கியது. இவ்விரண்டிற்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனால் அதன் பின் வந்த தமிழ்த் திரைப்பாடல்களில் பேஸ் கிதார், தாளத்திற்குத் துணை போவதோடு நில்லாமல் தனக்கென ஓர் இன்னிசைக் கோட்டை வரைந்து செல்லும் அழகைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இக்கருவி பாடக் கூடியது என்பதை எடுத்துரைக்கத் தேவையில்லை. ஏ. ஆர். ரஹ்மானின் பல பதிவுகளில் வாசித்த கீத் பீட்டர்ஸ் போன்றோர் அம்மரபைப் பின்னும் வளர்த்தனர்.

இனி, மெட்டை நீக்கினால் என்ன நேர்கிறது என்பதைப் பார்ப்போம். மெட்டுள்ள கருவியில் விரல் தந்தியை மரத்தோடு அழுத்தும்போது, தந்தி உண்மையில் தங்கி நிற்பது முன்னுள்ள உலோக மெட்டின் மேல். ஆகவே விரலை மெட்டுக்குச் சற்றுப் பின்னே வைத்தாலே போதும். மெட்டில்லாத கருவியில் தந்தி தங்கி நிற்பது விரல் நுனியின் மேலேயே. மெட்டு எங்கே இருந்திருக்குமோ அந்த இடத்திலேயே விரல் விழ வேண்டும். மெட்டுள்ள கருவியில் பழகிய கை இங்கே வந்ததும் எப்போதும் சற்றுத் தாழ்ந்த சுரத்தையே எழுப்பும்; காரணம் இதுவே.

கணக்கும் சிறிது தெரிந்திருப்பது நல்லது. வழக்கமான பேஸ் கிதாரில் மேருவுக்கும் குதிரைக்கும் இடையே தந்தியின் நீளம் 34 அங்குலம். முதல் அரைச்சுரம் மேருவிலிருந்து ஏறக்குறைய 1.9 அங்குலத்தில் விழும். மேல் ஸ்தாயி தொடங்கும் நடுப்புள்ளி 17 அங்குலத்தில். அங்கிருந்து அடுத்த அரைச்சுரத்திற்கு 0.95 அங்குலமே. அதாவது மேலே செல்லச் செல்ல இடம் குறுகுகிறது. விரல் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு விலகினால், அரைச்சுரத்தை நூறு கூறாக்கிப் பார்க்கையில், மேருவுக்கு அருகே பிழை ஏறக்குறைய 7 கூறு. நடுப்புள்ளியில் 13 கூறு. ஏழு கூற்றை மேடையில் பெரும்பாலார் உணரார். பதின்மூன்று கூறு தம்புரா ஒலிக்கும் அரங்கில் எவர் செவியையும் உறுத்தும். எனவே மெட்டில்லாத கருவியின் அழகு விளங்கும் மேற்பகுதியிலேயே அதன் ஆபத்தும் இருக்கிறது.

இவ்விடத்தில்தான் விரற்பலகையில் கோடுகள் வேண்டுமா, வேண்டாமா என்னும் பெரிய வழக்கு எழுகிறது. சில கருவிகளில் மெட்டுக்கள் இருக்க வேண்டிய இடங்களில் வெளிறிய மரத்தாலோ வேறு பொருளாலோ மெல்லிய கோடுகள் இழைத்திருப்பர். சிலவற்றில் பலகை முழுவதும் ஒரே கருமையாக, வயலினைப் போல வெறுமையாக இருக்கும். கோடுள்ளதை வாங்குவோரை ஏளனமாகப் பார்க்கும் வழக்கம் இசைக் கலைஞரிடையே உண்டு. அதை நாம் ஏற்பதற்கில்லை. தனி அறையில் வயலின் கற்கும் சிறுவனுக்குக் கோடு இல்லாதது நல்ல பயிற்சியே. ஆனால் கலியாண மேடையில் பின்னால் முழங்கும் டிரம்மும் பக்கத்தில் அலறும் ஒலிபெருக்கியும் சூழ, தன் கருவியின் ஒலி தனக்கே கேளாத நிலையில் வாசிப்பவனுக்குக் கண்ணே துணை. செவி எட்டாத இடத்தில் கோடு கைகொடுக்கிறது. பலவகை மேடைகளில் வாசிக்க வேண்டியவர் கோடுள்ள கருவியை வாங்குவதே தக்கது என்பது நம் உறுதியான கருத்து. கோட்டைப் பாராமல் வாசிக்கப் பழகுவதற்குக் கோடு தடையன்று. அறையின் விளக்கை அணைத்தால் போதும்.

ஒரு நுட்பம் மட்டும் கவனிக்கத் தக்கது. கருவியை மாட்டிக் கொண்டு நிற்பவருக்குப் பலகையின் முகம் நன்கு தெரிவதில்லை; அதன் மேல்விளிம்பில் உள்ள சிறு புள்ளிகளே கண்ணில் படும். மெட்டுள்ள கருவிகளில் அப்புள்ளிகள் இரு மெட்டுக்களுக்கு நடுவே இருக்கும். மெட்டில்லாத கருவிகள் பலவற்றில் சுரம் பிறக்கும் இடத்திற்கு நேரே இருக்கும். எல்லாத் தயாரிப்புகளிலும் அவ்வாறில்லை. வாங்கும் முன் ஐந்தாம் இடத்துக்குரிய புள்ளியின் நேரே விரலை வைத்து, கீழ்த்தந்தியை அழுத்தி ஒலித்து, அடுத்த தந்தியை வெறுமையாக ஒலித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இசைந்தால் புள்ளி நேரே உள்ளது என்று அறியலாம்.

பலகையின் மரம் அடுத்துப் பார்க்க வேண்டியது. மெட்டில்லாத கருவியில் தந்தி மரத்தின்மேல் நேரே உராய்கிறது. ஆதலால் மரத்தின் வன்மை ஒலியையும் ஆயுளையும் தீர்மானிக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் தோதகத்தி, அதாவது ஈட்டி மரம், உலகெங்கும் கிதார் செய்வோர் விரும்புவது. அதன் ஒலி இதமானது. ஆயினும் கரடான உலோகத் தந்தி ஓரிரு ஆண்டுகளில் அதில் பள்ளம் பறித்துவிடும். கருங்காலி அதனினும் கடினமானது, ஒலி தெளிந்து நெடுநேரம் நிற்கும், விலையும் கூடுதல். ஜாக்கோவைப் போல எபாக்சிப் பூச்சுப் பூசிய பலகைகளும் கிடைக்கின்றன. அவை கண்ணாடி போல் வழவழத்து, ஒலியை மேலும் நீட்டுகின்றன.

இக்கருவிக்கே உரிய ஒலி ஒன்று உண்டு. சுரம் எழுந்த பின் சற்று மலர்ந்து, ‘ம்வா’ என்பது போல வாய் திறக்கும் ஒலி அது. தம்புராவின் குதிரைமேல் நூல் இழையைச் செருகி ஜீவா சேர்ப்பதை அறிந்தவர்களுக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். தம்புராவில் தந்தி அகன்ற குதிரைமேல் மெல்லத் தொட்டுத் தொட்டு அதிர்கிறது. அதனால் ஒலி பூத்து விரிகிறது. இங்கே தந்தி விரற்பலகையின் நீளத்தை அவ்வாறே தொட்டுத் தொட்டு அதிர்கிறது. அதற்குத் தந்தி பலகைக்கு மிக அருகே இருக்க வேண்டும். கழுத்து ஏறக்குறைய நேராக இருக்க வேண்டும். பலகை மேடுபள்ளமின்றி இழைக்கப்பட்டிருக்க வேண்டும். தந்தையார் கேட்ட விலைக் கணக்கிற்கும் விடை இங்கேயே இருக்கிறது. மெட்டுள்ள கருவியில் மரத்தின் சிறு குறையை மெட்டு மறைத்துவிடும். மெட்டில்லாததில் பலகையே மெட்டு. அதனை ஒழுங்காக இழைக்கும் உழைப்புக்குத்தான் விலை.

தந்திகள் பெரும்பாலும் மூன்று வகை. வட்டக் கம்பி சுற்றியவை ‘ரவுண்ட்வூண்ட்’. தட்டைக் கம்பி சுற்றியவை ‘ஃபிளாட்வூண்ட்’. அவற்றின் மேல் கரிய நைலான் நாடா சுற்றியவை ஒருவகை. முதல்வகை பாடும், ஆனால் பலகையைத் தின்னும். இரண்டாவது மரத்திற்கு இரங்கும். ஒலி மழுங்கி முதிர்ந்திருக்கும். பழைய திரைப்பாடல்களுக்கு அழகாகப் பொருந்தும். மூன்றாவது டபிள் பேஸை நினைவூட்டும். ஈட்டி மரப் பலகையாயின் தட்டைச் சுற்று, கருங்காலியோ எபாக்சியோ ஆயின் வட்டச் சுற்று என்று வைத்துக் கொண்டால் பெரும்பாலும் தவறு நேராது.

தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் காந்தச் சுருளை ‘பிக்கப்’ என்பர். குதிரைக்கு அருகே ஒன்றும் கழுத்துப் பக்கம் ஒன்றுமாக இரண்டு இருக்கும் கருவியே பலவகை இசைக்கும் ஏற்றது. குதிரைப் பக்கத்தது மூக்கொலியோடு பாடும். கழுத்துப் பக்கத்தது ஆழ்ந்து முழங்கும். இரண்டையும் வேண்டிய அளவில் கலந்து கொள்ளலாம். இதற்குமேல் உள்ள மின்னணு வசதிகளுக்குப் பணம் மிஞ்சினால் பார்த்துக் கொள்ளலாம்.

நான்கு தந்தியா, ஐந்தா? நான்கு தந்திகளும் கீழிருந்து மேலாக ஈ, ஏ, டி, ஜி என்னும் சுரங்களில் கூட்டப்படும். அவற்றின் அதிர்வு நொடிக்கு ஏறக்குறைய 41, 55, 73, 98. ஐந்தாவது தந்தி அதற்கும் கீழே, நொடிக்கு ஏறக்குறைய 31 அதிர்வில் பேசும். சிறு மண்டபங்களில் உள்ள ஒலிபெருக்கிகள் பலவற்றிலிருந்து அந்தச் சுரம் வெளிவருவதே இல்லை. வாசிப்பவன் மட்டும் வாசித்ததாக எண்ணிக் கொள்வான். மெட்டில்லாத கருவியில் பழகத் தொடங்குவோருக்கு நான்கு தந்தியே போதும். வடாலா ரோடு நிலையத்தின் படிகளில் நான்கு கிலோ எடையைத் தோளில் சுமந்தேறி ஹார்பர் வழித்தடத்தின் மாலை நெரிசலில் நுழைபவர், எடையையும் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும்.

இசை வகைகளுக்கு வருவோம். திருச்சபைப் பாடல்களுக்கு மெட்டில்லாத பேஸ் மிகப் பொருத்தமானது. நீண்டு நிற்கும் சுரங்களும் நிதானமான நடையும் அதற்கு உகந்தவை. ஆர்மோனியமோ ஆர்கனோ கூட ஒலிப்பதால் சுரப்பிழை உடனே புலப்படும். திருத்திக் கொள்ளவும் எளிது. மெல்லிசை மேடையில் நிலைமை வேறு. இசையமைப்பாளர் எழுதிய பேஸ் வரியை அப்படியே வாசிக்க வேண்டும். பாடகர் சுருதியைக் கடைசி நிமிடத்தில் அரைக்கட்டை மாற்றுவார். வேகப் பாடல்களில் தந்தியைக் கட்டைவிரலால் அறைந்தும் சுண்டியும் வாசிக்கும் பாணி வேண்டப்படும். அப்பாணிக்கு உலோக மெட்டின்மேல் தந்தி மோதும் ஓசை இன்றியமையாதது. மெட்டில்லாத கருவியில் அதன் கூர்மை வாராது. சொற்கட்டுக்களை விரைவாகப் பேஸிலேயே சொல்லிக் காட்டும் மும்பைக் கலைஞர் மோகினி டேயின் வாசிப்பைக் கேட்டவர்கள், தாளத்தின் கூர்மைக்கு மெட்டு எவ்வளவு துணை செய்கிறது என்பதை அறிவர்.

கருநாடக இசையோடு சேரும்போது இக்கருவி தன் உண்மையான உறவினரைக் கண்டுகொள்கிறது. பாலுசாமி தீட்சிதர் மெட்டில்லாத வயலினை நம் இசைக்குள் கொணர்ந்த நாள்முதல், ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்கு இழைந்து செல்லும் ஜாருவுக்கு அக்கருவியின் வெறும் பலகை எவ்வளவு இடம் தந்தது என்பதை அறிவோம். வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்கலாம். பேஸ் கிதாரின் தடித்த தந்தியை அவ்வளவு இழுக்க எந்த விரலுக்கும் வலிமை போதாது. ஆகவே மெட்டுள்ள பேஸில் ஜாரு படிப்படியாகப் படிக்கட்டில் இறங்குவது போல் கேட்கும். மெட்டில்லாததில் அது கோட்டுவாத்தியத்தில் கட்டை வழுக்குவது போல் வழிந்தோடும்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. தோடியின் காந்தாரத்தைப் பாடகர் அசைப்பது போலவே பேஸின் கீழ்த்தந்தியிலும் அசைக்க முற்படுவோர் உளர். அவ்வளவு கீழ்ச்சுரத்தில் விரைந்த அசைவைச் செவி பிரித்தறிவதில்லை. கலங்கிய முழக்கமே மிஞ்சும். மேலும் மிருதங்கத்தின் தொப்பி ஏற்கெனவே அந்தக் கீழ்த்தளத்தில் பேசிக் கொண்டிருக்கிறது. கமகத்தை டி, ஜி தந்திகளின் நடுப்பகுதிக்கு மேல் வைத்துக் கொண்டு, கீழே ஷட்ஜ பஞ்சமங்களைத் தாங்கி நிற்பதே அடக்கமும் அழகும் ஆகும். சுருதியையும் முன்பே கணக்கிட வேண்டும். பாடகரின் சுருதி 2 கட்டையாயின் ஷட்ஜம் டி தந்தியிலும் பஞ்சமம் ஏ தந்தியிலும் வெறுமையாகவே கிடைக்கும். 5 கட்டையாயின் ஷட்ஜம் ஜி தந்தியில், பஞ்சமம் டி தந்தியில். ஆடவர் பலர் பாடும் 1 கட்டைக்கும், பெண்டிர் பலர் பாடும் 5½ கட்டைக்கும் வெறும் தந்தி ஒன்றும் ஷட்ஜமாக அமையாது. அப்போது தந்திகள் அனைத்தையும் முறையே ஒரு முழுச்சுரம், அல்லது ஜி தந்தியைக் கருதி அரைச்சுரம் ஏற்றி இறக்கிக் கூட்டிக் கொள்வது ஒரு வழி. அழுத்திய விரலிலேயே ஷட்ஜத்தைத் தாங்குவது மற்றொரு வழி. பின்னதே நல்ல பயிற்சி. முன்னது நல்ல காப்பு.

அவ்விளைஞரின் வரவுக் கணக்கை அவரோடு உட்கார்ந்து பார்த்தோம். மாதத்தில் அவருக்குக் கிடைக்கும் வாய்ப்புகளில் பாதிக்கு மேல் கலியாண மேடைகளிலிருந்தே வருகின்றன. ஆகவே மெட்டுள்ள கருவியைக் கைவிடுதல் அவருக்கு இயலாது. இரவல் கருவியோ எந்நேரமும் திரும்பிப் போகலாம். இந்நிலையில் இருப்பவருக்கு நாம் கூறக் கூடியது இதுவே: கையில் உள்ள பணத்தை ஒரே உயர்ந்த மெட்டில்லாத கருவியில் போடாமல், நடுத்தரமான மெட்டுள்ள கருவி ஒன்றைப் புதிதாக வாங்கிக் கொண்டு, மீதியில் பழைய மெட்டில்லாத கருவி ஒன்றைத் தேடுவது. மெட்டில்லாத கருவி ஒன்றே எல்லாவற்றிற்கும் போதும் என்று சொல்வோர் பெரும்பாலும் வேறு வருமானம் உள்ளவர்கள். இளைஞருக்கு இது முழு மனநிறைவு தரவில்லை, தந்தையாருக்குத் தந்தது. முகூர்த்தம் குறைந்த மாதங்களில் திருச்சபைக்கும் நாட்டிய ஒத்திகைக்கும் மட்டும் வாசிப்பவராயின், முடிவு நேர்மாறாக இருக்கலாம்.

பழைய மெட்டுள்ள கருவியின் மெட்டுக்களைப் பிடுங்கி மெட்டில்லாததாக மாற்றித் தரும் பழுதுபார்ப்போரும் உளர். செலவு குறைவு, ஆயின் மூன்றைக் கேட்டுத் தெளிய வேண்டும். மெட்டுக்கள் இருந்த பிளவுகளை மெல்லிய மரத்தகடு கொண்டு நிரப்புவார்களா? பலகையை மீண்டும் நேராக இழைப்பார்களா? மெட்டின் உயரம் போய்விட்டமையால் மேருவின் வெட்டுக்களையும் குதிரையையும் தாழ்த்தித் தருவார்களா? மூன்றிற்கும் ஆம் என்றால் நல்ல கருவி கிடைக்கும். பிளவுகளை மரத்தூளும் பசையும் கலந்து அடைத்துத் தருபவரிடம் கொடுப்பதைவிட இரவல் கருவியே மேல். மாற்றிய பின் திரும்ப மெட்டுப் பதிப்பது கடினம் என்பதையும் மறத்தலாகாது.

வாங்கச் செல்லும் இடம் மும்பையில் பெரும்பாலும் தோபி தலாவ். 1865-ல் தொடங்கிய ஃபுர்டாடோஸ் கடை அங்கேதான் உள்ளது. கோவாவிலிருந்து வந்த இசைக் கலைஞர்கள் தங்கும் மன்றங்களுக்குப் பெயர்பெற்ற வட்டாரமும் அதுவே. வடாலாவிலிருந்து சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையம் சென்று இறங்கினால் நடக்கும் தொலைவு. கடையில் பெரிய ஒலிபெருக்கியில் கேட்டு மயங்க வேண்டாம். தாம் மேடையில் பயன்படுத்தும் அளவுள்ள சிறிய ஒன்றில் கேட்க வேண்டும். கழுத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்து, துப்பாக்கியின் குழலைப் பார்ப்பது போல் நீளவாட்டில் நோக்க வேண்டும். முறுக்கல் இருந்தால் அக்கருவி வேண்டாம். பிறகு ஒவ்வொரு தந்தியிலும் மேருவிலிருந்து மேல்வரை விரலை அழுத்தியவாறே மெல்ல வழுக்கிக் கொண்டு போக வேண்டும். வழியில் ஓரிடத்தில் மட்டும் கரகரப்பு எழுந்தால் பலகையில் மேடு உண்டு. ஜி தந்தியில் ஐந்து முதல் ஏழாம் இடம்வரை ஒலி விரைவில் சாவது பல கருவிகளில் காணும் குறை. அங்கே ஒரு சுரத்தை நீட்டி, எத்தனை எண்ணும்வரை நிற்கிறது என்று பார்த்து, மற்ற இடங்களோடு ஒப்பிடலாம். கைப்பேசியில் தம்புராச் செயலி ஒன்றை ஒலிக்க விட்டு, கண்ணை மூடிக் கொண்டு ஷட்ஜம், பஞ்சமம், மேல் ஷட்ஜம் மூன்றையும் பிடித்துப் பார்ப்பது, கருவியை மட்டுமன்று, வாங்குபவரையும் சோதிக்கும்.

வாங்கிய பின் உள்ள பராமரிப்பில் பெரும்பகுதி மழைக்காலத்தைப் பற்றியது. வடாலாவின் கிழக்கே உப்பள நிலங்களும் கடற்கழியும் இருப்பதால் காற்றில் ஈரமும் உப்பும் ஆண்டு முழுவதும் உண்டு. சூன் முதல் செப்டம்பர் வரை அவை உச்சத்தை எட்டும். எஃகுத் தந்தி துருவேறினால் அரம் போலாகிப் பலகையை அறுக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்தியின் அடிப்பக்கத்தையும் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலம் ஒன்றோடு பையிலிட்டு, வெளிச்சுவரில் சாயாமல் உட்சுவர்ப் பக்கம் வைக்க வேண்டும். மரம் ஈரத்தை உண்டு கழுத்து வளையும்போது தந்தி உயர்ந்து ‘ம்வா’ ஒலி மறைந்து போகும். கழுத்தினுள் ஓடும் எஃகுக் கம்பியின் திருகைச் சாவியால் திருப்பி அதனைச் சரிசெய்யலாம். ஒரு நாளில் கால் சுற்றுக்கு மேல் திருப்பலாகாது. திருப்பியபின் மரம் அடங்க ஓர் இரவு விட்டு, மறுநாள் காலையில் மீண்டும் கூட்டிப் பார்க்க வேண்டும்.